தாயின் அருகே உறங்குவது நோய்க்குறியா?

வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் உறக்கம் குறித்து இந்திய மருத்துவமனைகளிலிருந்து வெளிவரும் ஆய்வுகளில் அடிக்கடி எதிர்ப்படுவது, ஜூடித் ஓவன்ஸும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'குழந்தைகள் உறக்கப் பழக்க வினாநிரல்'. 4 முதல் 10 வயது வரையான அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளுக்காக உருவானது அது. குழந்தைக்கெனத் தனிக்கட்டிலும் இயன்றால் தனியறையும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தும். பாய் விரித்துக் குடும்பமே ஓரறையில் படுக்கும் வீட்டுக்குப் பொருந்துமா என்று கேட்போர் மிகச் சிலரே.

கணக்கைப் பார்க்கலாம். மதிப்பிடப்படும் வினாக்கள் 33. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். எக்குறையுமற்ற குழந்தை 33 பெறும். 41ஐ எட்டினால் உறக்கச் சிக்கல் என்பது வழக்கமான வரம்பு. இடைவெளி எட்டே மதிப்பெண். தன் படுக்கையில் தனியே உறங்குகிறதா? இல்லை, இரண்டு கூடிற்று. பிறர் படுக்கையில் உறங்குகிறதா? ஆம், இன்னும் இரண்டு. உறங்கப் பெற்றோர் அருகிருக்க வேண்டுமா? ஆம், மேலும் இரண்டு. தனியே உறங்க அஞ்சுகிறதா? ஒரு நாளும் தனியே படுத்தறியாத குழந்தை அஞ்சாமல் என்ன செய்யும்! எட்டும் நிறைந்துவிட்டன. குறட்டையில்லை, நள்ளிரவு விழிப்பில்லை, பகலில் சோர்வுமில்லை. ஆயினும் அக்குழந்தை அட்டவணையில் நோயாளி.

ஒப்பீட்டுக் குழுவின் குழந்தைகளும் அதே பாயில்தானே படுக்கின்றன, வேறுபாடு மெய்யாகத்தானே இருக்கும் என்பார்கள். இருக்காது. வலிப்புள்ள குழந்தையைப் பெற்றோர் அச்சத்தால் மேலும் நெருங்கிப் படுக்கவைக்கின்றனர். அந்தக் காவலும் சிக்கல் என்றே எண்ணப்படுகிறது. இத்தனைக்கும், வலிப்பு நோயில் நேரும் எதிர்பாராத திடீர் மரணம் பற்றி 2017இல் அமெரிக்க நரம்பியல் கழகமும் அமெரிக்க வலிப்பு நோய்ச் சங்கமும் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவுக் கண்காணிப்பு அவ்விடரைக் குறைக்கக்கூடும் என்கிறது. சான்று வலுவானதன்று, அதையும் அவ்வழிகாட்டுதலே ஒப்புக்கொள்கிறது. எனினும், ஓரிடத்தில் காப்பாகக் கருதப்படுவது மற்றோரிடத்தில் நோயின் மதிப்பெண்ணாக ஏறுவதை எந்த நெறியாளரும் தடுத்துக் கேட்பதாகத் தெரியவில்லை. 'தனியே படுக்கப் பழக்குங்கள்' என்ற அறிவுரை இந்த எண்ணை நம்பி ஒரு தாய்க்குச் சொல்லப்பட்டால், அதற்குப் பொறுப்பேற்பவர் யார்?

மெய்யான சிக்கல்களோ இந்த மொத்த எண்ணுக்குள் புதைந்துபோகின்றன. ரோலாண்டிக் வலிப்பு பெரும்பாலும் உறக்கத்தில்தான் வரும். உறக்கம் குறைந்தால் வலிப்பு தூண்டப்படும்; இரவில் வலிப்பு வந்தால் உறக்கம் கலையும். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் குழந்தைகளும் உண்டு. பினோபார்பிட்டோன் சில குழந்தைகளை வகுப்பில் தூங்கவைக்கும். சிலரை அடங்காமல் ஓடவைக்கும். புறநோயாளர் பிரிவின் நெரிசலில் கேட்கப்படுவது 'எத்தனை முறை வந்தது?' என்பது மட்டுமே. எந்நேரத்தில் கை இழுத்தது, குழந்தை எப்போது விழித்தது, மீண்டும் எப்போது உறங்கியது என்பவற்றையெல்லாம் அருகில் படுத்த தாய் அறிவாள். அவளிடம் எவரும் கேட்பதில்லை.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் அச்சிடும் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருப்பியனுப்பட்டும். உட்பிரிவு மதிப்பெண்கள் தனித்தனியே வரட்டும். உடன் உறங்குதல் பற்றிய வினாக்களை நீக்கிய பின் எஞ்சும் விழுக்காடும் அதே அட்டவணையில், அடுத்த பத்தியில் இடம்பெறட்டும். தரவு ஏற்கெனவே கையிலிருக்கிறது. மீண்டும் கூட்டிப் பார்க்க ஒரு பிற்பகல் போதும்.