பட்டுக்கு அளவுகோல் வேண்டும்

கணினியில் துணியை அசைய வைப்பது என் தொழில். சென்ற ஆண்டு ஒரு விளம்பரப் படத்துக்காக மணப்பெண்ணுக்குக் காஞ்சிபுரம் பட்டு உடுத்திவிட வேண்டியிருந்தது. மென்பொருளில் 'பட்டு' என்றே ஒரு தயார் அமைப்பு இருந்தது, அதைப் போட்டேன். பெண் நடந்தாள். கொசுவம் சரிந்து காலோடு ஒட்டிக்கொண்டது. எட்டிப் பார்த்த அம்மா, “இது பட்டு இல்லடி, ஷிபான்” என்றார்.

கணினிக்குத் துணி என்பது புள்ளிகளால் ஆன வலை. இழுத்தால் எவ்வளவு நீளும், மடக்கினால் எவ்வளவு எதிர்க்கும் என்பதை நாம் தரும் எண்கள்தான் முடிவுசெய்கின்றன. நெகிழும் பொருள்களுக்கான இயற்பியலை 1987இல் கணினி வரைகலை ஆய்வாளர் டெர்சோபூலஸ் குழுவினர் அனிமேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். 1998இல் பராஃபும் விட்கினும் துணிக் கணக்கை வெகுவாக வேகப்படுத்தினார்கள். கணக்கு தயார். அதில் போட நம் சேலையின் எண்கள்தான் என் கையில் இல்லை.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, ஊடையைக் கோத்து நெய்வார்கள். ஜரிகைக் கரை விறைத்து நிற்கும், உடல் வழியும். முழுச் சேலைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் கொசுவம் எப்படி நிற்கும்?

அளப்பது கடினமே இல்லை. துணி ஆய்வாளர் பியர்ஸ் 1930இல் எழுதிவைத்த சோதனைக்கு ஒரு மேசையும் அளவுகோலும் போதும். துணித் துண்டை மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ள வேண்டும். விளிம்பிலிருந்து பார்க்க, தொங்கும் நுனி 41.5 பாகை தாழ்ந்ததும் வெளியே நீண்ட நீளத்தைப் பாதியாக்க வேண்டும். அதன் முப்படியை ஒரு சதுர அலகுத் துணியின் எடையோடு பெருக்கினால் விறைப்பு கிடைத்துவிடும். பெட்டியில் நைந்து கிடந்த தன் பழைய பட்டை வெட்டிக்கொள்ளச் சொன்னார் அம்மா. எனக்குக் கத்தரி வைக்க மனம் வரவில்லை; அவரே வெட்டினார். கரைத் துண்டு, உடல் துண்டைவிட வெகுதூரம் நீண்ட பிறகே தலை தாழ்த்தியது.

நான் படித்த அனிமேஷன் வகுப்பில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லித்தந்தார்கள்; ஒருநாள்கூடத் துணியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதில்லை. இது மாற வேண்டும். சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களும் அனிமேஷன் மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து கண்டாங்கி, சுங்குடி, காஞ்சிப் பட்டு ஒவ்வொன்றையும் பாவு வாக்கில், ஊடை வாக்கில், கரையில், முந்தானையில் அளக்கட்டும். அந்த எண்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி அரசு வெளியிடட்டும்.

கரைக்குத் தனி எண் கொடுத்து மறுபடி நடக்கவிட்டேன். கொசுவம் விசிறியாக விரிந்தது. அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து, “முந்தானையை இன்னும் ஒரு சாண் இறக்கிவிடு” என்றார்.