பெண்களின் நோய் என்ற பிழை

1842இல் இத்தாலியின் வெரோனா நகர மரணப் பதிவேடுகளை ஆராய்ந்த ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர் ஒரு வேறுபாட்டைக் கண்டார். மணமான பெண்கள் அளவுக்குக் கன்னியாஸ்திரீகள் கருப்பைப் புற்றுநோயால் இறக்கவில்லை. ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்கச் சுமார் 140 ஆண்டுகள் ஆயின. 1983இல் ஜெர்மனியில் ஹரால்ட் ஸூர் ஹவுசன் குழுவினர் கருப்பைவாய்ப் புற்றுத் திசுவில், பாலுறவால் பரவும் எச்.பி.வி. என்ற மனித பாப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையைக் கண்டுபிடித்தார்கள். 2008இல் ஸூர் ஹவுசன் நோபல் பரிசு பெற்றார்.

அதே 1983இல் பின்லாந்தில் காரி சிர்யானன் குழுவினர் வாய்ப் புற்றுக் கட்டிகளிலும் இந்த வைரஸின் சாயலைக் கண்டு எழுதினார்கள். அதைக் காதில் வாங்கியவர்கள் சிலரே. தலை, கழுத்துப் புற்று புகையிலையாலும் மதுவாலும் வருவது, எச்.பி.வி. பெண்களுக்கு வருவது. இந்த இரண்டு எண்ணங்களும் மருத்துவத்தில் ஊறிப்போயிருந்தன.

பிறகு, புகையும் குடியும் அறியாத நடுவயது ஆண்கள் டான்சிலிலும் அடிநாக்கிலும் கட்டியோடு வந்தார்கள். டான்சிலின் ஆழமான குழிகள் இந்த வைரஸுக்கு வாகான இடம். அங்கே தங்கிவிட்டால், செல்களின் காவலாக இருக்கும் புரதங்களை அது செயலிழக்கச் செய்கிறது. கட்டியாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். 2000இல் அமெரிக்காவில் மௌரா கில்லிசன் குழுவினர் எச்.பி.வி.யால் வரும் இந்தப் புற்று தனி வகை நோய் என்று காட்டினார்கள். இன்று அந்நாட்டில் தொண்டையின் நடுப்பகுதியில் வரும் புற்றுகளில் சுமார் 70 சதவீதத்துக்கு எச்.பி.வி.யே காரணம். புகையிலையால் வருவதைவிட இது சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது என்பது ஆறுதல்.

தடுப்பூசி 2006இலேயே வந்துவிட்டது. ஆனால் பிரிட்டன் பள்ளிச் சிறுமிகளுக்கு அதை 2008இல் போடத் தொடங்கி, சிறுவர்களுக்கு 2019இல்தான் கொடுத்தது. நோய்க்கு வைத்த பெயர் அறிவுக்கு வேலியானது. இடையில் வளர்ந்த பையன்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

நம் நாட்டில் வாய்ப் புற்றுக்கு எதிரான போரில் முதல் எதிரி இன்றும் புகையிலையும் பாக்கும்தான். அந்தப் போரைத் தளர்த்தக் கூடாது. கூடவே, எச்.பி.வி.யை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடும் வழக்கத்தையும் விட வேண்டும். பெரும்பாலானோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றும் வைரஸ் இது. பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும். யாருடைய நடத்தைக்கும் அது சாட்சி சொல்வதில்லை.

பதினோரு வயதுப் பையனுக்கு இன்று போடும் ஊசியின் பலன் அவனுடைய ஐம்பதுகளில் தெரியும். போட்ட நம்மில் பலர் அதைப் பார்க்க இருக்கமாட்டோம். பனங்கொட்டை ஊன்றியவர்களின் வழிவந்த நமக்கு அந்தப் பொறுமை புதிதல்ல.