அரிப்பு அடங்கிற்று, நோய் அடங்கவில்லை

படர்தாமரையுடன் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோரிடம், "இதுவரை என்ன தடவினீர்கள்?" என்பதே எங்கள் முதற்கேள்வி. பெரும்பாலும் பையிலிருந்து நசுங்கிய களிம்புக் குழாய் ஒன்று வெளிவரும். பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி, வீரியமிக்க ஸ்டீராய்டு மூன்றும் அதில் கலந்திருக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. பக்கத்து வீட்டார் சொன்னது. சில வேளைகளில், வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறோம், மருத்துவரே எழுதிக் கொடுத்தது.

படர்தாமரைக்கு இக்கலவைக் களிம்பு வேண்டவே வேண்டா என்பது எங்கள் உறுதியான கருத்து. குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்வதில்லை. பூஞ்சையை எதிர்க்கும் தோலின் தற்காப்பையே தணிக்கிறது. அதனால் சில நாள்களில் அரிப்பும் சிவப்பும் குறைகின்றன. தீர்ந்ததென எண்ணி நிறுத்தியதும், நோய் முன்னிலும் பரந்து திரும்புகிறது. மாதக்கணக்கில் தடவியோருக்குத் தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரிகள் விழுகின்றன. பூஞ்சை நீங்கினாலும் அவ்வரிகள் முற்றும் மறைவதில்லை. 2018இல் நடுவண் அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என அறிவித்தது. ஆயினும் குழாய்கள் வந்தவண்ணமே உள்ளன. (எக்சிமா போன்ற வேறு நோய்க்கு மருத்துவர் தந்த ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்திவிட வேண்டா, அது வேறு கணக்கு.)

இந்தியாவில் இன்று பரவலாகக் காணப்படும் டிரைக்கோபைட்டான் இன்டோடினியே என்னும் பூஞ்சையில் டெர்பினாஃபின் மருந்துக்குக் கட்டுப்படாத வகைகளும் உள்ளன. எனவே சிகிச்சை பல வாரங்கள் நீளலாம். களிம்பைத் திட்டின் விளிம்புக்கு வெளியே இரு விரற்கடை வரை பூசுக. திட்டு மறைந்த பின்னும் நாங்கள் கூறும் நாள்வரை தொடர்க. வீட்டில் அரிப்புள்ள அனைவரும் ஒருங்கே சிகிச்சை பெறவேண்டும். துண்டு தனித்தனியே இருக்கட்டும். அரைஞாண் கயிற்றைக் கழற்றச் சொன்னால் பலர் தயங்குகின்றனர். அத்தயக்கம் எங்களுக்குப் புரிகிறது. எனினும் ஈரக் கயிற்றின்கீழ் பூஞ்சை செழிக்கும் என்பதால், சிகிச்சை முடியும்வரையேனும் கழற்றி வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

நகத்தின் நிலை வேறு. தடித்து மஞ்சளித்த நகமெல்லாம் பூஞ்சையன்று. சொரியாசிஸும், இறுக்கமான காலணியும் அத்தோற்றம் தரும். நகத்துண்டை ஆய்ந்து பாராமல் மாதக்கணக்கில் மாத்திரை தருவதை நாங்கள் ஏற்பதில்லை. கால் பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டுக்கு மேலாகும். மாத்திரை முடிந்த அன்றே நகம் தெளியவில்லையே என மனந்தளர வேண்டா.

அடுத்த முறை வருகையில் அந்தக் குழாயையும் கொண்டு வாருங்கள். கடிந்துகொள்ள மாட்டோம். தோலைச் சுரண்டிச் சோதிக்கும் முன், அதன்மீது எது பூசப்பட்டது என்பதை நாங்கள் அறிந்தாக வேண்டும்.