ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் வாழ்க்கைத் தரம்: யாருடைய பதிலைக் கொண்டு அளவிடுவது?

புதுதில்லி: ஆட்டிசம் குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடும் நிலை அல்ல. ஆயினும் இந்தியாவில் அது குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் குழந்தைகளைச் சுற்றியே அமைந்துள்ளன. நாட்டின் ஐந்து பகுதிகளில் நடத்தப்பட்டு 2018-இல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வெளியான முக்கிய ஆய்வு, 2 முதல் 9 வயது வரையிலானோரையே கணக்கில் கொண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசம் தனிப்பிரிவாக இடம்பெறவில்லை. 18 வயதைக் கடந்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு நம்மிடம் போதிய விடை இல்லாததற்கு இவையும் காரணம்.

அந்தக் கேள்வி மனநலத்துடன் நேரடியாகத் தொடர்புடையது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் சுமார் 27 சதவீதத்தினர் பதற்ற நோயாலும் 23 சதவீதத்தினர் மனச்சோர்வாலும் பாதிக்கப்பட்டிருப்பதாக மதிப்பிட்டது. பிரிட்டனில் 2016-இல் ஆட்டிசம் உள்ளோர், குடும்பத்தினர், வல்லுநர்கள் இணைந்து ஆய்வுக்கான முன்னுரிமைகளை வகுத்தபோது, மனநலத்தை மேம்படுத்தும் வழிகளே பட்டியலின் முதலிடத்தைப் பெற்றன.

எது முன்னேற்றம்?

ஒரு சிகிச்சை பலன் அளித்ததா என்பதை அறிகுறிகளின் குறைவைக் கொண்டு அளப்பதே வழக்கம். ஆனால் இரைச்சலுக்கு அஞ்சி வெளியே செல்வதையே நிறுத்திவிட்ட ஒருவரின் பதற்ற மதிப்பெண் குறையக்கூடும். அவரது வாழ்க்கையோ சுருங்கிவிடும். வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும் என்ற கோரிக்கை இங்கிருந்தே எழுகிறது.

இதற்குப் பரவலாகப் பயன்படுவது உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விகள் கொண்ட அளவுகோல். உடல்நலம், உளநலம், சமூக உறவுகள், சுற்றுச்சூழல் ஆகிய நான்கு பிரிவுகளை அது ஆராய்கிறது. 1990-களில் அதற்கு அடித்தளமிட்ட பன்னாட்டு மையங்களில் சென்னையும் தில்லியும் இடம்பெற்றிருந்தன.

எனினும் பொதுமக்களுக்காக உருவான கேள்விகள் ஆட்டிசம் உள்ளோரின் அனுபவத்தை முழுமையாகத் தொடுவதில்லை. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் அந்த அளவுகோலுடன் 9 கேள்விகளைச் சேர்த்தனர். ஒலி, ஒளி போன்ற புலன்சார் இடையூறுகள், மருத்துவ சேவையை அணுகுவதில் உள்ள தடைகள், ஆட்டிசத்தைத் தன் அடையாளத்தின் ஒரு பகுதியாக ஏற்க முடிகிறதா என்பன அவற்றில் அடங்கும்.

அதே குழுவின் ஆய்வில் பங்கேற்ற 370 பேரின் வாழ்க்கைத் தரம் பொதுமக்களைவிடக் குறைவாக இருந்தது. வேலை, துணையுடனான உறவு, கிடைக்கும் ஆதரவு ஆகியவை உயர்ந்த மதிப்பெண்ணுடனும், மனநலப் பாதிப்பு குறைந்த மதிப்பெண்ணுடனும் தொடர்புற்றிருந்தன. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. குடும்ப அமைப்பும் வேலைச் சூழலும் வேறுபட்ட இந்தியாவுக்கு இம்முடிவை அப்படியே பொருத்தவும் இயலாது.

சட்டம் காட்டும் திசை

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. அரசுப் பணிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டில் 1 சதவீதத்தை, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளோருடன் ஆட்டிசம் உள்ளோர் பகிர்ந்துகொள்கின்றனர். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், 18 வயது கடந்தவர்களுக்கும் உள்ளூர் குழு வழியாகச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க முடியும். 'எங்களுக்குப் பின் யார்?' என்ற பெற்றோரின் கவலைக்கு அது ஓரளவு விடை தந்தது. 2016 சட்டமோ, சம்பந்தப்பட்டவரின் விருப்பத்துக்கு இசைந்து, அவருடன் கூடி முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையை முன்வைத்தது.

ஆய்வும் அதே திசையில் நகர வேண்டியுள்ளது. பெற்றோர் அளிக்கும் தகவல் இன்றியமையாதது. ஆனால் மகனின் மனநிறைவு குறித்துத் தாய் கூறுவதும் மகனே கூறுவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பேச இயலாதவர்களிடம் படங்கள், எளிய சொற்கள், தொடர்புக் கருவிகள் வழியாகவும் கேட்க முடியும். அதற்குக் கூடுதல் நேரமும் பயிற்சியும் தேவை. அந்தச் செலவைத் தவிர்த்தால், அதிக ஆதரவு தேவைப்படுவோரே கணக்கிலிருந்து விடுபடுவர். அவர்களுக்கான சேவைகள் பிறரின் ஊகத்தின் மீதே எழுப்பப்படும்.