"அடைப்பு எடுக்க எவ்வளவு?" - அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி!

ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லித் தட்டு, சாம்பார் குண்டான், நேற்று ராத்திரி பிரியாணி டப்பா எல்லாம் சிங்க்கில் கிடக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் இறங்கவில்லை. ஏறுகிறது! பாத்ரூமில் எட்டிப் பார்த்தால் அங்கேயும் குளம். உடனே போனை எடுத்து ஒரு நம்பரைத் தேடி, "அண்ணே, அடைப்பு எடுக்க எவ்வளவு?" என்று கேட்கிறோம்.

இந்த போன் கால் சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால், சில நேரம் ஓர் உயிரே இதில் அடங்கியிருக்கிறது.

குழாய்க்குள் என்னதான் நடக்குது?

முதல் குற்றவாளி எண்ணெய். காஞ்சிபுரம் இட்லிக்கு ஊற்றும் நெய்யோ, அப்பளம் பொரித்த எண்ணெயோ, சூடாக இருக்கும்போது தண்ணீர் மாதிரி ஓடிவிடும். குழாய்க்குள் போய் ஆறியதும் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சோறு, மாவு, காபித்தூள், தலைமுடி, சோப்புக் கசடு எல்லாம் படிந்து, ஒருநாள் மொத்தமாக மூடிவிடும். இதில் ஈரமானாலும் கரையாத வெட் வைப்ஸையும் நாப்கினையும் டாய்லெட்டில் போட்டால், சொல்லவே வேண்டாம்.

இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டுமில்லை. 2017-ல் லண்டன் வைட்சேப்பல் பகுதியின் சாக்கடையில் கொழுப்பும் வெட் வைப்ஸும் சேர்ந்து கல்லாக இறுகிய ஒரு கட்டியைக் கண்டுபிடித்தார்கள். 250 மீட்டர் நீளம், 130 டன் எடை! அதை உடைத்து எடுக்க வாரக்கணக்கில் ஆனது.

ஆசிட் ஊத்தலாமா?

பலரும் முதலில் செய்வது இதைத்தான். ஆசிட்டை ஊற்றிவிட்டு, சரியாகவில்லை என்றதும் பிளீச்சிங் பவுடரையும் கொட்டுவார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் அது மூச்சையே அடைத்துவிடும். பாக்கெட்டில் விற்கும் டிரெயின் கிளீனர் பவுடரில் இருப்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் கொதிக்கிற அளவு சூடாகி, கையிலோ கண்ணிலோ தெறித்தால் வெந்துவிடும்.

முதலில் பிளஞ்சர் எனப்படும் ரப்பர் கப்பை வைத்து நாலு முறை அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் டிராப்பின் அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, திருகிக் கழற்றிக் கழுவுங்கள். பாதி அடைப்பு அங்கேதான் இருக்கும். அடுத்தது ஸ்பிரிங் வயர். அதற்கும் மசியவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிடலாம். ஏற்கெனவே ஆசிட் ஊற்றியிருந்தால், வந்ததும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். குழாயைக் கழற்றும்போது அது அவர் கண்ணில் தெறிக்கக் கூடாது.

பட்டு ஊரின் பாரம்

காஞ்சிபுரத்தில் சிக்கல் இன்னும் கொஞ்சம் அதிகம். கோயிலுக்கு வருபவர்கள், கல்யாணப் பட்டு எடுக்க வருபவர்கள் என்று ஊருக்குள் எந்நேரமும் கூட்டம்தான். 2019-ல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாள்களில் இங்கே வந்தவர்கள் சுமார் ஒரு கோடி பேர். தங்கும் விடுதி, ஹோட்டல், வீடு என அத்தனை கழிவும் ஓடியாக வேண்டும்.

பட்டு நூலின் மேலிருக்கும் பசையை எடுக்க, சோப்பும் சோடாவும் கலந்து கொதிக்க வைப்பார்கள். அந்தத் தண்ணீர், சாயத் தண்ணீர், வீட்டுக் கழிவு எல்லாவற்றையும் பல காலமாகச் சுமந்தவை ஊருக்குள் ஓடும் மஞ்சள் நீர்க் கால்வாயும் வேகவதி ஆறும்தான். தெருவில் அடைப்பு என்றால் நெசவாளர் வீட்டில் தூக்கம் போய்விடும். தரையைத் தோண்டிப் போட்ட குழித்தறியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும். தறி நின்றால் அன்றைய கூலியும் போச்சு.

அதனால்தான் எல்லோருக்கும் அவசரம். "எப்படியோ எடுத்து விட்டா போதும்" என்கிறோம். அந்த 'எப்படியோ'வில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

மூடியைத் திறந்த பிறகு...

சிங்க் அடைப்பு வேறு. சாக்கடைச் சேம்பரும் செப்டிக் டேங்க்கும் வேறு. மூடிக் கிடக்கும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும். அழுகிய முட்டை வாடை அதுதான். ஆனால், அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 'நாத்தமே இல்லையே' என்று நம்பி இறங்குகிறவர், சில நிமிடங்களில் மயங்கி விழுந்துவிடுவார்.

2019 மார்ச்சில், காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்க்கில் ஆறு பேர் இறந்துபோனார்கள். இறந்தவர்களில் வீட்டு உரிமையாளரும் அவருடைய இரண்டு மகன்களும் உண்டு. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தடுத்து இறங்கியதுதான் எண்ணிக்கையை ஆறாக்கியது. இந்த வகை விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். 1993-லிருந்து இந்தியாவில் சாக்கடை, செப்டிக் டேங்க் மரணங்கள் மிக அதிகமாகப் பதிவான மாநிலம் எது தெரியுமா? நம் தமிழ்நாடுதான்.

சட்டம் உங்களையும் பார்க்கிறது

2013-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புக் கவசமும் கருவிகளும் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்குவது குற்றம். முதல் முறை என்றாலே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநகராட்சிக்கும் கான்ட்ராக்டருக்கும் மட்டுமல்ல, தனிநபருக்கும் இது பொருந்தும். நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு வைத்த எவரும் இதில் வருவார்கள். அதாவது, வீட்டு ஓனரும்தான்.

இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கூடவே, மனிதர்களை இறக்கும் வழக்கத்தையே முழுமையாக ஒழிக்க வேண்டும் என்றும் மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது.

மெஷின் இல்லையா என்றால், இருக்கிறது. கும்பகோணத்துக்கு 2018-லேயே 'பேண்டிகூட்' ரோபோ வந்துவிட்டது. செப்டிக் டேங்க்குக்கென்றே சென்னை ஐ.ஐ.டி 'ஹோமோசெப்' ரோபோவை உருவாக்கியிருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் ஜெட்டிங் லாரியும் கழிவை உறிஞ்சும் லாரியும் பல ஊர்களில் ஓடுகின்றன.

பிறகு ஏன் மனிதர்கள் இறங்குகிறார்கள்? லாரி வரக் காத்திருக்க வேண்டும், சந்துக்குள் வண்டி நுழையாது, ஆள் என்றால் காசு குறைவு. இதெல்லாம் நாம் வெளியே சொல்லும் காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. 'இது அவங்க வேலை' என்று தலைமுறை தலைமுறையாக ஒருசில சாதிகளின் தலையில் இந்த வேலையைக் கட்டி வைத்திருக்கிறோம். மெஷின் வாங்கினால் மட்டும் இந்த நினைப்பு மாறிவிடாது.

போனில் கேளுங்க

அடுத்த முறை அந்த போன் காலில், "எவ்வளவு?" என்பதற்கு முன்னால், "எப்படி எடுப்பீங்க?" என்று கேளுங்கள். "ஆள் இறங்குவாரு சார்" என்று பதில் வந்தால், "வேணாம்ணே" என்று சொல்லி கட் பண்ணுங்கள். செப்டிக் டேங்க், சாக்கடைச் சுத்தத்துக்கு 14420 என்ற உதவி எண் இருக்கிறது. வாடகை வீடு என்றால் ஓனரிடம் இதைச் சொல்லுங்கள். அப்பார்ட்மென்ட் என்றால் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள்.

இன்று ராத்திரி தோசைக்கல்லைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு பழைய பேப்பரால் எண்ணெயைத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். பத்து செகண்ட் வேலைதான். அந்த போன் காலுக்கே அவசியம் வராமல் போகலாம்!