வெல்லம் காய்ச்சுபவர் எந்தத் துறை?

பக்கத்து வீட்டுப் பையனின் விடைத்தாள் இந்த வாரம் பத்தியாளரின் கைக்கு வந்தது. தொழில்களை முதன்மை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று பிரிக்கச் சொல்லும் கேள்வி. ‘வெல்லம் காய்ச்சுபவர்’ என்பதற்கு நேரே அவன் ‘மூன்றும்’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் அடித்துப் பூஜ்யம் போட்டிருந்தார்கள்.

அந்தப் பூஜ்யம் பத்தியாளரைத் தூங்கவிடவில்லை. பையனின் தாத்தா ஊர் பரமத்தி வேலூர்ப் பக்கம். அங்கே கரும்பு போட்டவரே சாறு பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி, உருண்டை பிடித்து, 30 கிலோ சிப்பமாகக் கட்டி, பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்கு ஏற்றிவிடுவதுண்டு. விளைவிப்பதும் ஆக்குவதும் விற்பதும் ஒரே குடும்பம். பார்த்ததைத்தான் பையன் எழுதினான்.

துறை பிரிப்பதே வீண் என்று சொல்ல முடியாது. ஆலன் ஃபிஷர் 1930களில் முன்வைத்து, காலின் கிளார்க் 1940இல் விரித்தெழுதிய பகுப்பு இது. இந்தியாவில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ 46 சதவீதம் பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள். நாட்டின் வருமானத்தில் அதன் பங்கோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வைக் காட்டுவது அந்தப் பகுப்புதான். அதைச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் ஏன் என்று கேட்கும். ஆனால் வகுப்பில் நடப்பது அட்டவணை மனப்பாடம்.

இங்கே ‘டோட்டோ-சான்’ வந்தே தீரும். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். தெத்சுகோ குரோயநாகியின் அந்த 1981ஆம் ஆண்டு நூலில் எல்லோர் நினைவிலும் நிற்பது ரயில் பெட்டி வகுப்பறை. பத்தியாளர் அடிக்கடி புரட்டுவது வேறு அத்தியாயம். டோக்கியோவின் தோமோயே பள்ளித் தலைமையாசிரியர் கோபயாஷி ஒரு விவசாயியை அழைத்துவந்து, இன்று இவர்தான் ஆசிரியர் என்று பிள்ளைகள் முன் நிறுத்துகிறார். மனிதர் கூச்சப்படுகிறார், தான் வெறும் விவசாயி என்கிறார். கோபயாஷி விடுவதில்லை. களையை ஏன் பிடுங்க வேண்டும்? பயிரை முந்தி வளர்ந்து வெயிலை மறைக்கும், மண்ணின் சத்தைத் தின்னும், பூச்சிக்கு ஒளிய இடம் தரும். இதைச் சொல்லும்போதும் விவசாயியின் கை களையைப் பறித்தபடியே இருக்கிறது. பிள்ளைகளும் பறிக்கிறார்கள். பிறகு மண் கொத்துவது, முள்ளங்கி விதைப்பது, எரு இடுவது. அதற்கப்புறம் எங்கே கண்டாலும் அவர் அவர்களுக்கு விவசாய ஆசிரியர்தான்.

முதன்மைத் துறைக்கு இதைவிட நல்ல பாடத்தைப் பத்தியாளர் படித்ததில்லை.

தமிழ்நாட்டில் தொழிலையும் பள்ளியையும் சேர்த்துப் பேசினால் 1953 நினைவுக்கு வரும்; வரவும் வேண்டும். ராஜாஜியின் திட்டத்தில் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். சரியான முடிவு. குயவர் வீட்டுப் பிள்ளையைத் திரும்பவும் சக்கரத்தடியிலேயே உட்காரவைப்பது கல்வியாகாது. கோபயாஷியின் வழி இதற்கு நேர் எதிர். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் விவசாயியிடம் பாடம் கேட்டது. விவசாயிக்கு ஆசிரியர் என்ற மரியாதை கிடைத்தது.

நம் பள்ளிகளும் ஒரு தறிக்காரரையும் ஒரு பேருந்து நடத்துநரையும் வகுப்புக்கு அழைக்கலாம். நூல் விலை ஏறினால் கூலி என்னவாகும், இரவுப் பணி முடித்து எங்கே தூங்குகிறார் என்று பிள்ளைகள் நேரே கேட்கட்டும். வருபவருக்கு அன்றைய வருமானம் போய்விடும். விருந்தினர் விரிவுரையாளருக்குத் தரும் மதிப்பூதியத்தைக் குறைக்காமல் அவருக்கும் தர வேண்டும்.