ஏசி இல்லை... சாரலும் இன்னும் வரவில்லை... வீட்டைக் குளிர வைப்பது எப்படி? | தென்காசி ஸ்பெஷல்

'உங்களுக்கென்ன, குற்றாலம் பக்கத்துலயே இருக்கீங்க. வெயிலே தெரியாதே!' தென்காசிக்காரர்கள் வெளியூர்ச் சொந்தக்காரர்களிடம் வருஷா வருஷம் கேட்கும் வசனம் இது. அருவிக்கரையில் சாரலில் நனைந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால், அவர்கள் பார்ப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குற்றாலத்தை. பங்குனி, சித்திரையில் இங்கே வந்து ஒரு ராத்திரி கான்கிரீட் வீட்டில் படுத்துப் பார்த்தால்தான் மிச்சக் கதை தெரியும்.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. 2025-ல் மே 24-லேயே வந்துவிட்டது. எல்லா வருஷமும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. சாரல் வரும்வரை மூன்று மாத வெயிலை வீடுதான் தாங்கியாக வேண்டும்.

இந்த மாவட்டத்தில் வீடு என்பது பலருக்குப் படுத்துத் தூங்கும் இடம் மட்டுமல்ல, வேலை பார்க்கும் இடமும்கூட. கடையநல்லூர், ஆலங்குளம், தென்காசி சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். மடியில் சொளகு, அதில் வெட்டிய இலையும் தூளும். ஃபேனை வேகமாக வைத்தால் தூள் பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும். நனைத்து வைத்த இலை காய்ந்துபோகும். அதனால் உச்சி வெயிலிலும் ஃபேனைக் குறைத்துவைத்து, சில சமயம் நிறுத்தியேவிட்டு, வேலை நடக்கிறது. 'சூடாக இருந்தால் ஃபேனைப் போடு' என்ற அறிவுரை இவர்களுக்குப் பயன்படாது. வீட்டுக்குள் சூடே இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் இவர்களுக்கு வழி. ஏசி வாங்க முடியாத, வாங்கினாலும் பில் கட்ட யோசிக்கிற எல்லோருக்கும் அதுவேதான் வழி.

தலைக்கு மேல் 28 இஸ்திரிப் பெட்டி!

வீட்டுக்குள் சூடு எங்கிருந்து வருகிறது? ஜன்னல், சுவர் என்று தேடுவதற்கு முன்னால் மேலே பாருங்கள்.

தென்காசி இருப்பது ஏறத்தாழ 9 டிகிரி வட அட்சரேகையில். சித்திரை முதல் தேதியை ஒட்டிய நாள்களில் நண்பகல் சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது நட்டுவைத்த கம்பின் நிழல் காலடியிலேயே அடங்கிவிடும். அந்த நேரத்தில் சுவர்களில் வெயில் விழுவது குறைவு. முழு அடியும் மொட்டை மாடிக்குத்தான்.

தெளிவான வானத்தில், உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வெப்பத்தைக் கொட்டுகிறது. ஒரு சாதாரண இஸ்திரிப் பெட்டியின் அளவு அது. 300 சதுர அடி கூரை என்றால் சுமார் 28 சதுர மீட்டர். அதாவது, உங்கள் தலைக்கு மேல் 28 இஸ்திரிப் பெட்டிகள் ஒரே நேரத்தில் சூடேறிக்கொண்டிருக்கின்றன. பழுப்பேறிய வெறும் கான்கிரீட் இதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். வாங்கிய சூட்டை உடனே விடாமல் சேர்த்து வைத்து, சாயங்காலத்திலிருந்து ராத்திரி வரை மெதுவாக வீட்டுக்குள் இறக்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் கட்டிலுக்கு மேலே அனல் அடிப்பது இதனால்தான்.

ஆகவே, கையில் இருக்கும் காசு கொஞ்சம் என்றால் முதல் செலவு கூரைக்கு.

மாடிக்கு வெள்ளை அடியுங்கள்

புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு, தன் மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வெள்ளைக் கூரையால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒற்றைத் தளம், தாழ்ந்த கூரை என்றால் பலன் நன்றாகவே தெரியும். மாடிக்கு மேல் இன்னொரு மாடி இருந்தால் கீழ்த்தளத்தில் அவ்வளவாகத் தெரியாது.

செய்யும் முறை இதுதான்:

• மாடியை நன்றாகப் பெருக்கி, பாசியைச் சுரண்டி, கழுவிக் காயவிடுங்கள். விரிசல் இருந்தால் முதலில் அதை அடையுங்கள்.

• நீற்றிய சுண்ணாம்பை முந்தைய நாளே தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். சுட்ட கல்லாக வாங்கினால் தண்ணீர் பட்டதும் கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம்.

• மோர் பதத்துக்குக் கரைத்து, கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்தால் காலில் ஒட்டாது.

• தரையை லேசாக நனைத்துவிட்டு ஒரு கோட். அது காய்ந்ததும் குறுக்காக இன்னொரு கோட்.

• காலை 8 மணிக்குள் வேலையை முடியுங்கள். வெள்ளைத் தரையில் வெயில் கண்ணைக் கூசும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாரலும் ஐப்பசி மழையும் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அதனால் வருஷா வருஷம் மாசியில் ஒருமுறை அடிக்க வேண்டும். நீடித்து நிற்க வேண்டுமென்றால் வெயிலைத் திருப்பும் கூல் ரூஃப் பெயின்ட், வெள்ளை கூலிங் டைல்ஸ் இருக்கின்றன, செலவு கூடும். கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் இருந்தால் அதற்கும் வெள்ளை அடித்துவிடுங்கள். மத்தியானம் குழாயைத் திறந்ததும் வெந்நீர் கொட்டுவது குறையும்.

தகரக் கூரைக்கும் வெள்ளை பெயின்ட் நல்ல பலன் தரும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் சுரண்டவோ, துளை போடவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

அரசாங்கங்களும் இந்த வழிக்கு வந்திருக்கின்றன. 2010 மே மாத வெப்ப அலையில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த அகமதாபாத், 2013-ல் வெப்பத்துக்கென்றே தனிச் செயல்திட்டம் போட்டது. பிறகு அங்கே குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். தெலங்கானா 2023-ல் கூல் ரூஃப் கொள்கையே வெளியிட்டது.

சூரியனும் மேற்கே, காற்றும் மேற்கே!

கூரைக்கு அடுத்தது மேற்குச் சுவர். மத்தியானம் 2 மணிக்கு மேல் சாய்ந்த வெயில் நேராக அதில்தான் அடிக்கும். மே மாதத்தில் உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே போய்விடுவதால், தெற்குச் சுவரில் நேர் வெயில் விழாது. எனவே, நிழல் கட்டக் காசு செலவழிப்பதாக இருந்தால் தெற்கை விட்டுவிட்டு மேற்கைக் கவனியுங்கள்.

இங்கேதான் தென்காசிக்கென்று ஒரு சிக்கல். வெயிலுக்குப் பயந்து மேற்கே ஜன்னலே வைக்காமல் கட்டிவிட்டால் காற்றும் போச்சு. செங்கோட்டை - ஆரியங்காவு கணவாய் வழியாகப் பருவக்காற்று நுழைவது மேற்கிலிருந்துதான். மலையடிவார ஊர்களில் ராத்திரி மலைச்சரிவிலிருந்து குளிர்ந்து இறங்கும் காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். ஆக, மேற்கு ஜன்னல் இருக்கட்டும். வெயிலை மட்டும் தடுங்கள்.

உள்ளே தொங்கும் திரையைவிட வெளியே கட்டும் தட்டி மேல். திரை தடுப்பதற்குள் சூடு கண்ணாடியைத் தாண்டிவிடும். தென்னங்கீற்றுத் தட்டி, மூங்கில் தட்டி, பச்சை வலை... எதுவானாலும் ஜன்னலுக்கு வெளியே ஓரடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். வெயில் நிற்கும், காற்று நுழையும். இடமிருந்தால் பந்தல் போட்டு அவரை, புடலை, கோவைக் கொடி ஏற்றலாம். நிழலுக்கு நிழல், குழம்புக்குக் காய்.

ஒரு எச்சரிக்கை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்தில் வெறும் பழமொழி இல்லை. மே கடைசியில் வலையையும் தட்டியையும் அவிழ்த்துவிடுங்கள், அல்லது இறுக்கிக் கட்டுங்கள். அடுப்புப் பக்கமும் மின்வயர் பக்கமும் கீற்று வேண்டவே வேண்டாம்.

கோபுர வாசல் சொல்லும் பாடம்

தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போனவர்கள் கோபுர வாசல் காற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். அவ்வளவு உயரமான கோபுரம் காற்றை மறிக்கிறது. நடுவில் ஒரே ஒரு வழி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திறந்திருப்பதால் காற்று நெருக்கியடித்துக்கொண்டு அதற்குள் பாய்கிறது.

வீட்டுக்கும் இதே விதிதான். ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று வராது. வந்த காற்று வெளியேற எதிரே இன்னொரு வழி வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகளில் தெருவாசலில் நின்றால் திண்ணை, தார்சா, பட்டாசல், அடுப்படி எல்லாம் தாண்டிப் புறவாசல் தெரியும். அந்த நேர்கோடு காற்றுக்கான பாதை. நாம் அதற்குக் குறுக்கே பீரோவை வைத்துவிட்டு, 'காற்றே இல்லை' என்கிறோம்.

நேரமும் முக்கியம். வெளியே உள்ள காற்று வீட்டைவிடச் சூடாக இருக்கும்போது ஜன்னலைத் திறந்தால், அனலை வரவேற்று உட்கார வைத்த மாதிரி. காலை 9 - 10 மணிக்கு வெயில் பக்கத்து ஜன்னல்களைச் சாத்துங்கள். சாயங்காலம் வெளியே குளிரத் தொடங்கியதும் எல்லாவற்றையும் திறங்கள், கொசுவலையோடு. உயரே இருக்கும் வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மேலே ஏறும் சூடான காற்று வெளியேற அதுதான் வழி.

பீடி சுற்றுகிறவர்களுக்கு ஒரு யோசனை. டேபிள் ஃபேனை உங்களைப் பார்த்து வைக்காமல், ஜன்னலோரம் வெளியே பார்த்து வையுங்கள். அது உள்ளே இருக்கும் சூட்டையும் தூசியையும் வெளியே தள்ளும். எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று மெதுவாக உள்ளே வரும். சொளகில் தூள் பறக்காது. வெளியே நிழல் விழுந்த பிறகு இது நன்றாக வேலை செய்யும். காலையில் மேற்குத் திண்ணை, மத்தியானத்துக்கு மேல் கிழக்குப் பக்கம் என்று உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்வதும் உதவும்.

தண்ணீரும் கரன்ட்டும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது, ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்தக் கணக்கில்தான். சாயங்காலம் மாடியில் சாக்கை விரித்து நனைத்துவிட்டால் போதும். குடம் குடமாக ஊற்றி ஓடவிட வேண்டியதில்லை.

ஏர் கூலர் வைத்திருந்தால் ஜன்னலைச் சாத்தாதீர்கள். ஈரக்காற்று வெளியேறாவிட்டால் புழுக்கம்தான் மிஞ்சும். வறண்ட ஏப்ரலில் கை கொடுக்கும் கூலர், சாரல் தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியபின் பெரிதாக உதவாது.

மணிக்குச் சராசரியாக 1 யூனிட் இழுக்கும் ஏசி, தினம் 8 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 480 யூனிட். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் நாள் முழுக்க ஓடினாலும் அதே 60 நாளில் சுமார் 43 யூனிட்தான். பழைய ஃபேன் கெட்டுப்போனால் அடுத்ததை இப்படி வாங்குங்கள். ஆனால், அறைச் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேனை நம்பாதீர்கள். அந்தக் காற்று உடம்பை மேலும் சூடாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கனவு இல்லம் கட்டுகிறீர்களா?

குடிசைகளுக்குப் பதில் கான்கிரீட் வீடு தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-25-ல் தொடங்கியது. 360 சதுர அடி வீடு. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடி பயனாளி விருப்பப்படி வேறு கூரை. நெருப்புக்கும் மழைக்கும் பயந்த குடும்பத்துக்கு இது பெரிய விடுதலை. ஆனால், ஓலைக்கூரை தந்த குளிர்ச்சி கான்கிரீட்டுக்கு மாறியதும் போய்விடும்.

அதை ஓரளவு திரும்பப் பெறலாம். மனை அமைப்பும் விதியும் இடம் கொடுத்தால், அந்த 60 சதுர அடியை மேற்குப் பக்கம் ஓடு வேய்ந்த திண்ணையாகக் கேளுங்கள். சுவருக்கு நிழலாச்சு, உட்கார்ந்து வேலை பார்க்க இடமுமாச்சு. புது வீட்டுக்கு வாசலில் கலர் பெயின்ட் அடிக்கும் முன்னால் மாடிக்கு ஒரு கோட் வெள்ளை அடித்துவிடுங்கள்.

இது வந்தால் காத்திருக்காதீர்கள்

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்தப் பணம் யாருக்கும் தேவைப்படக் கூடாது என்பதுதான் நம் வேண்டுதல்.

வெயில் வெளியே சுற்றுகிறவர்களை மட்டும் தாக்கும் என்று நினைக்க வேண்டாம். அனல் அறையில் தனியாகப் படுத்திருக்கும் ஆச்சி, தாத்தா, கைக்குழந்தை, கர்ப்பிணிப் பெண்கள் அதிகம் பாதிக்கப்படுவார்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் மயங்கினால் அது சாதாரணக் களைப்பு இல்லை. நிழலுக்கு மாற்றி, உடம்பு முழுக்க ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ராத்திரி 8 மணிக்கு, வீட்டில் வயதானவர் படுக்கும் கட்டிலுக்கு மேலே கூரையைக் கையால் தொட்டுப் பாருங்கள், ஸ்டூல் ஆடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். சுட்டால், நாளைக்கே சுண்ணாம்பு வாங்குங்கள். அதுவரை அவர் கட்டிலைக் கீழ்த்தளத்துக்கோ, காற்று வரும் தார்சாவுக்கோ மாற்றிவிடுங்கள். அதற்குக் காலணா செலவில்லை.